காளிகாட் படம்: அச்சா, கைவேலையா?

அன்புள்ள ஐயா,

அருங்காட்சியகத்தில் ஒரு காளிகாட் படம் பார்த்தேன். கணவன் மனைவியை வெட்டும் காட்சி. 1870களைச் சேர்ந்தது என்று எழுதியிருந்தது. அது அச்சுப்படம் என்கிறார் நண்பர். கல்கத்தாவின் காளிகாட் காளி கோவில் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்றதைக் கையால் வரைந்தால் கட்டுப்படியாகுமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கட்டுப்படியானது, வேலையைப் பங்குபோட்டுக்கொண்டதால்.

நீங்கள் பார்த்தது தாரகேஸ்வர் வழக்குப் படமாகத்தான் இருக்க வேண்டும். 1873 மே 27 அன்று நவீன் சந்திர பானர்ஜி தன் மனைவி எலோகேசியை அரிவாள்மணையால் கழுத்தறுத்துக் கொன்றான். தாரகேஸ்வர் சிவன் கோவிலின் தலைவரான மகந்தோடு அவளுக்குத் தொடர்பு என்ற ஊர்ப்பேச்சுதான் காரணம். விசாரணை நடந்த மாதங்களில் கல்கத்தாவில் வேறு பேச்சே இல்லை. காளிகாட்டில் இந்தப் படங்களை வரைந்த பட்டுவா ஓவியர்கள் அதுவரை பெரும்பாலும் காளி, துர்க்கை படங்களை விற்றுவந்தவர்கள். அவர்களுக்கு இந்த வழக்கு பெரிய சரக்காகிவிட்டது.

ஆலையில் செய்த மலிவான மெல்லிய தாள், ஏறக்குறைய 45க்கு 28 சென்டிமீட்டர். வீட்டில் ஒருவர் மூலப்படத்தைப் பார்த்து பென்சில் கோடு போடுவார். அடுத்தவர் உடலுக்கு வண்ணம், இன்னொருவர் உடைக்கு. விளக்குக்கரியைக் குழைத்துக் கடைசிக் கோட்டை இழுப்பது தேர்ந்த கை. பின்னணியை வெறுமையாக விட்டதும் வேகத்துக்காகத்தான்.

கை கால்களின் உருட்சிதான் கடினமான இடம். பரப்பை முதலில் நீரால் ஈரமாக்கி, ஓரத்தில் மட்டும் வண்ணத்தை வைத்தால் அது தானாக உள்ளே கரைந்து மங்கும். ஈரம் கூடினால் தாள் சுருங்கி வண்ணம் கோட்டைத் தாண்டிவிடும். குறைந்தால் ஓரத்தில் பட்டையாக நின்று கை தட்டையாகிவிடும். திருத்த வழியில்லை.

நண்பர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வடக்குக் கல்கத்தாவின் பட்டாலாவில் இதே வழக்கை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து விற்றார்கள். அதில் நிழல் என்பது நெருக்கமான சிறு கோடுகள். வண்ணம் பிறகு கையால் பூசியது, பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கும். கட்டையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கித் தலைப்பும் சேர்த்திருப்பார்கள். போதாததற்கு, பின்னாளில் காளிகாட்டிலேயே கோட்டைக் கல்லச்சில் எடுத்து வண்ணம் மட்டும் கையால் பூசியதும் உண்டு.

இந்தப் படங்கள் எலோகேசிக்கு நியாயம் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைப்பேற்றுக்கு மருந்து என்று வரவழைத்து மகந்த் அவளைக் கெடுத்தான் என்பது அன்று எழுந்த குற்றச்சாட்டு. அவளுக்கு வயது 16. படங்களிலோ அவள் அலங்காரத்தோடு அவனுக்கு வெற்றிலை நீட்டுகிறாள். வாங்குபவர்களுக்குப் பிடித்தது மயக்கும் பெண்ணின் கதை. மகந்துக்குத் தண்டனை 3 ஆண்டு கடுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். அவன் சிறையில் செக்கிழுக்கும் படமும் விற்றது. நவீனுக்கு ஆயுள் தண்டனை, ஆனால் 1875இலேயே விடுதலை.

மறுபடி போனால் கோட்டைக் கவனியுங்கள். தூரிகைக் கோடு ஒரே இழுப்பில் தடித்து மெலியும். நகைகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிந்தால் அது தகரக் கலவை, கையால் வைத்தது.