முப்பது வருடத்துக்கு முந்தைய அடி இன்றைய தண்டனையில் கணக்காகுமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. ஒருவரைத் தாக்கிப் படுகாயப்படுத்திய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. தண்டனை பற்றிய விசாரணை இன்னும் சில நாட்களில். குடிகார அப்பாவிடம் அடிபட்டு, பல நாள் பட்டினி கிடந்து வளர்ந்தவன் அவன். இதைச் சொன்னால் பயன் உண்டா? 'எப்பவோ நடந்தது' என்று தள்ளிவிட மாட்டார்களா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் பயத்துக்கு நேரடியான பதில், ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2013-ல் பக்மி வழக்கில் தந்த தீர்ப்பில் இருக்கிறது. சிறைக் காவலரைத் தாக்கி, அவருக்கு ஒரு கண் பார்வை போகக் காரணமானவர் பக்மி. குடியும் அடிதடியும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். வருடங்கள் போகப்போக, குற்றங்கள் சேரச்சேர, அந்தப் பின்னணிக்கு மதிப்புக் குறையும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கோபத்தை அடக்கப் பழகாமலே வளர்ந்த குழந்தைக்கு, வயது ஏறியதும் அந்தப் பழக்கம் தானாக வந்துவிடாதே.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. தன்னை அடக்க முடியாதவர் என்றால், அவரிடமிருந்து மற்றவர்களைக் காக்கும் தேவையும் கூடுகிறது. அதனால் பழைய காயத்தோடு நிறுத்தாதீர்கள். தம்பி குடியை விட்டிருந்தால், சிகிச்சைக்குப் போகிறார் என்றால், அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எவ்வளவு குறையும் என்பது நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு மாறும். இங்கிலாந்து, வேல்ஸில் 2024 ஏப்ரல் முதல் 'கடினமான அல்லது வறிய பின்னணி' தண்டனையைக் குறைக்கும் காரணங்களில் ஒன்றாகத் தனியே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவில், மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குற்றவாளியின் இளமைக்கால குடும்பச் சூழலை, வன்முறையோ புறக்கணிப்போ இருந்ததா என்பது உட்பட, அரசுத் தரப்பே திரட்டித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் மனோஜ் வழக்கில் கூறியது.

சரி, எப்படிச் சொல்வது? பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 'ஐயா, ரொம்பக் கஷ்டப்பட்டு வளர்ந்தவன்' என்ற ஒரு வரியை நீதிபதிகள் தினமும் கேட்கிறார்கள். அது மனதில் நிற்காது. அமெரிக்காவில் 2003-ல் முடிவான விக்கின்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா நாள்கணக்கில் வீட்டில் தனியே விட்டுப் போக, சுவரில் உரிந்த பெயின்ட்டையும் குப்பையையும் தின்ற பிள்ளை. அவருடைய வழக்கறிஞர்கள் இதைச் சரியாகத் தேடவே இல்லை என்பதற்காக மரண தண்டனை ரத்தானது. அந்தப் பெயின்ட் மாதிரி ஒரு விவரம் உங்களிடமும் இருக்கும். ஏழு வயதில் கை முறிந்ததற்கான மருத்துவமனைச் சீட்டு, மாதக்கணக்கில் வரவில்லை என்று காட்டும் பள்ளி வருகைப் பதிவேடு, அப்போது சோறு போட்ட பக்கத்து வீட்டு அம்மாவின் வாக்குமூலம். முடிந்தால் மனநல மருத்துவர் அறிக்கையும் வேண்டும். அந்த வளர்ப்புக்கும் இந்தச் செயலுக்கும் உள்ள தொடர்பை அவர்தான் விளக்க முடியும். இதற்கெல்லாம் சில நாட்கள் போதாது. தேதியைத் தள்ளிக் கேட்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் இன்றே பேசுங்கள்.

அப்புறம் ஒன்று. இதையெல்லாம் திறந்த நீதிமன்றத்தில் சொல்வதற்குத் தம்பி சம்மதிக்கிறாரா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். பட்டது அவர். தயங்கினால், எழுத்தில் மட்டும் கொடுக்க வழி உண்டா என்று வழக்கறிஞரிடம் விசாரியுங்கள்.