மலை வீட்டுக் கதவுக்கு எந்த ஸ்க்ரூ?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. கதவுக் கீல்களை மாற்ற வேண்டும். பழைய ஸ்டார் ஸ்க்ரூக்களில் பாதிக்குத் தலை மழுங்கித் திருப்புளி வழுக்குகிறது. மீதி துருவேறிக் கிடக்கிறது. கடையில் ஸ்டார், டார்க்ஸ், ஆலன் என்கிறார்கள். தலையிலும் தட்டை, உருண்டை என்று பல விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: தட்டைத் தலை வைத்த, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மர ஸ்க்ரூ வாங்குங்கள். தலையில் உள்ள பள்ளமான காடி ஸ்டாரோ டார்க்ஸோ எதுவானாலும், அதற்கேற்ற பிட்டையும், அதாவது அதில் பொருந்தும் திருப்புளி முனையையும், அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள். தலை மழுங்குவதற்குப் பெரும்பாலும் பொருந்தாத பிட்தான் காரணம்.

ஸ்டார் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று பிலிப்ஸ். அமெரிக்காவில் 1936-இல் கேடிலாக் கார் தயாரிப்பில் இறங்கி உலகம் முழுக்கப் பரவியது. இதன் காடிச் சுவர்கள் உள்ளே போகப் போகச் சரிந்து குறுகும். அதனால் பிட் தானாக நடுவில் போய் உட்காரும். தொழிற்சாலையில் வேகமாக முடுக்க அது பெரிய வசதி. ஆனால் முறுக்கு கூடும்போது அதே சரிவு பிட்டை வெளியே தள்ளும். ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் காடியின் விளிம்பு கொஞ்சம் சிராய்ந்துவிடும். நாலைந்து முறை இப்படி ஆனால் தலை போயிற்று.

இன்னொன்று பொஸிட்ரைவ், 1960-களில் வந்தது. இதன் சுவர்கள் ஏறத்தாழ நேராக நிற்பதால் பிட் அவ்வளவு எளிதில் எகிறாது. அடையாளம் காண்பது சுலபம்: தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே, மூலைகளில் நான்கு மெல்லிய கீற்றுகள் இருக்கும். கீற்று இருந்தால் பிஇசட் என்று பொறித்த பிட், இல்லாவிட்டால் பிஹெச் பிட். மாற்றிப் போட்டாலும் உள்ளே போன மாதிரிதான் தெரியும். ஆனால் முழுதாகப் பிடிக்காது. வீட்டு ட்ரில்லருடன் வருவது பெரும்பாலும் பிஹெச்2. பிளைவுட்டுக்கும் மரத்துக்கும் வரும் ஸ்க்ரூக்களில் பிஇசட்2 நிறைய உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கதவே காட்டுகிறது. 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள ஸ்க்ரூவுக்கு 2-ஆம் எண் பிட் சரியாக இருக்கும்.

என் விருப்பம் டார்க்ஸ். ஆறு இதழ் பூப்போன்ற காடி, 1967-இல் வந்தது. சுவர் செங்குத்தாக இருப்பதால் மேலிருந்து அழுத்தாமலே முறுக்கலாம். மர ஸ்க்ரூவில் 4 மில்லிமீட்டருக்குப் பெரும்பாலும் டி20, 5-க்கு டி25. ஒரே சங்கடம், பிட் தொலைந்தால் வேறெதையும் வைத்துச் சமாளிக்க முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வரவேண்டியிருக்கும் என்பதால் பிட்டை இரண்டாக வாங்கி வையுங்கள்.

ஆலன் என்கிற அறுகோணக் காடி போல்ட்டுக்கும் மெஷினுக்கும் உரியது, கீலுக்கு வேண்டாம். ஒற்றைக் காடி கொண்ட பித்தளை ஸ்க்ரூக்கள் பழைய பங்களா ஜன்னல்களில் இருந்தால் மட்டும் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை பூச்சு பெயிண்ட் ஏறியிருந்தாலும் கத்தி நுனியால் சுரண்டிக் கையால் கழற்றிவிடலாம்.

தலையின் வடிவம் உங்கள் விருப்பமல்ல. கீலின் துளையை விரலால் தடவிப் பாருங்கள், விளிம்பு சரிவாக இருக்கும். அதில் உட்காரத்தான் அடிப்பக்கம் கூம்பாக உள்ள தட்டைத் தலை. கடையில் சிஎஸ்கே (கவுன்டர்சங்க் என்பதன் சுருக்கம்) என்று கேளுங்கள். அங்கே உருண்டைத் தலையைப் போட்டால் இரண்டு தகடும் சேராது, கதவு சரியாகச் சாத்தாது. உருண்டையும் பேன் ஹெட்டும் அடிப்பக்கம் சமமானவை. தாழ்ப்பாள், சுவிட்ச் பெட்டி போலச் சரிவில்லாத துளைகளுக்கு அவைதான் சரி.

அடுத்தது துரு. மாதக்கணக்கில் மூடுபனி இறங்கும் ஊரில் சாதாரண துத்தநாகப் பூச்சு நெடுநாள் தாங்காது. தச்சர்கள் கைக்கு வந்ததும் போடும் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவைக் கீலில் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அது ஜிப்சம் பலகைக்குச் செய்தது. ஈரத்தில் சீக்கிரம் துருவேறும், கதவின் எடை விழுந்தால் நெகிழாமல் பட்டென்று முறியும். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிக் கொடுப்பதிலும் ரகம் பாருங்கள். 304 ஸ்க்ரூவின் பெட்டியில் ஏ2 என்று போட்டிருக்கலாம். காந்தம் லேசாக ஒட்டினால் பயம் வேண்டாம். வலுவாக இழுத்தால் 410 ஆக இருக்கக்கூடும். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் மலை ஈரத்துக்குப் போதாது.

304 சற்று மென்மையானது, கெட்டி மரத்தில் நேராக முடுக்கினால் கழுத்து முறியும். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு முன்கூட்டி 3 மில்லிமீட்டர் துளை போட்டு, மரையில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், வேண்டாம்.

இனி மழுங்கியவற்றைக் கழற்ற வேண்டும். காடியில் உள்ள துருவையும் பெயிண்டையும் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, சரியான பிட்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, அழுத்திக்கொண்டு மெதுவாகக் கையால் திருப்புங்கள். மசியாவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் சிறிது நேரம் வைத்தால் துருவின் பிடி தளரும். அதற்கும் அசையவில்லையா, ஸ்க்ரூவின் தண்டளவு இரும்பு பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுங்கள். கீல் கையோடு வந்துவிடும். மரத்தில் நீட்டி நிற்கும் தண்டை வைஸ் கிரிப் எனும் பூட்டிக்கொள்ளும் இடுக்கியால் கவ்விச் சுழற்றலாம்.

துளை பெரிதாகியிருந்தால் மூங்கில் சிம்புகளை மரப் பசையில் தோய்த்து இறுக அடையுங்கள். ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் சீவி, புதிதாகத் துளை போடுங்கள். கடைக்குப் போகும்போது கழற்றிய கீல் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், புது ஸ்க்ரூ அதன் குழியில் மட்டமாக உட்காருகிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.