பெஞ்சில் எத்தனை பேர்?

அன்புள்ள அக்கா,

நீங்கள் மின்னசோட்டாவில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன். நாங்கள் மின்னியாபொலிஸுக்கு வடக்கே ஐம்பது மைலில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு, ஐந்து வயதிலிருந்து ஐஸ் ஹாக்கி ஆடுகிறாள். ஊர் உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே நானூறு பிள்ளைகள், பெண்கள் அணியில் வெறும் 16 பேர், சின்னப் பள்ளிகளுக்கான 'ஏ' பிரிவு. முப்பது மைல் தள்ளி 'ஏஏ' பிரிவில் ஆடும் பெரிய பள்ளி இருக்கிறது. அங்கே சேர்ந்தால்தான் கல்லூரி கோச்சுகள் கண்ணில் படுவாள், கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். பள்ளியின் அளவு அவ்வளவு முக்கியமா? தனிப் பயிற்சியாளர் வைக்கலாமா? டிவிஷன் மூன்றே போதும் என்கிறாள் மனைவி. அது சரியா?

கே.

அன்புள்ள கே.,

போன வாரம்தான் மின்னசோட்டாவில் நாங்கள் இருந்த ஊர்த் தோழி ஒருத்தி எழுதியிருந்தாள், எங்கள் பழைய பள்ளியின் பெண்கள் அணி இப்போது மூன்று ஊர் சேர்ந்த அணி என்று. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால் கொஞ்சம் கோபமாகவே பதில் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நீங்கள் கேட்டது. வாரோடு என்ற ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கனடா எல்லையில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கிருந்துதான் ஜிஜி மார்வின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2010, 2014, 2018 என்று மூன்று ஒலிம்பிக் ஆடினார், கடைசியில் தங்கமும் வாங்கினார். டெய்லர் ஹைஸ் ஆடியது மிசிசிப்பிக் கரையில் இருக்கும் ரெட் விங் பள்ளிக்கு. 2022-ல் பெண்கள் கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய விருதான பேட்டி காஸ்மையர் விருது அவருக்குத்தான், 2023-ல் பெண்கள் தொழில்முறை லீக்கில் அணிகள் ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்த முதல் டிராஃப்டில் முதல் பெயரும் அவர் பெயர்தான். சின்னப் பள்ளியில் ஆடியதால் இவர்களை யாரும் பார்க்காமல் போய்விடவில்லை.

ஈடினா, மின்னடோங்கா மாதிரிப் பெரிய பள்ளிகளிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்கள் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பள்ளி அவர்களை உருவாக்கவில்லை. அந்தப் புறநகர்களில் ரிங்க்குகள் இருக்கின்றன, ஆறு வயதிலேயே தனியாகப் பெண்கள் அணி நடத்தும் அளவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோரிடம் பணமும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளி வாசலை மிதிக்கும்போதே வேலை பாதி முடிந்துவிட்டது.

அப்புறம் கோச்சுகள் பார்ப்பது எங்கே? பள்ளி ஆட்டத்தில் மட்டும் இல்லை. கோடையில் யுஎஸ்ஏ ஹாக்கியின் தேர்வு முகாம்கள், அதற்கு முன் மாநில அளவிலான தேர்வுகள், கோடைக்கால கிளப் அணிகள். அங்கே எல்லாப் பள்ளிப் பெண்களும் கலந்துதான் ஆடுகிறார்கள், ஹெல்மெட்டில் பள்ளிப் பெயர் இருக்காது. பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரை கல்லூரி கோச் உங்கள் மகளோடு இதைப் பற்றிப் பேசவே கூடாது. எட்டாம் வகுப்பில் நீங்கள் ஏன் இப்படிப் பதறுகிறீர்கள்? மாநிலத்தில் டிவிஷன் ஒன் அணிகள் ஆறு. ஓர் அணியில் சுமார் இருபத்தைந்து பேர்தான். அந்த இடங்களுக்கு கனடாவிலிருந்தும் ஃபின்லாந்திலிருந்தும் வருகிறார்கள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபத்தொரு வயதுப் பெண்களும் வருகிறார்கள். உங்கள் மகள் போட்டியிடப்போவது இவர்களோடு.

தனிப் பயிற்சியாளர்: வேண்டாம். டிவிஷன் மூன்று: அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, மற்றபடி உங்கள் மனைவி சொல்வது சரி.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். பள்ளி ஆட்டம் 17 நிமிடம் வீதம் மூன்று பகுதி, மொத்தம் 51 நிமிடம். மூன்று லைன், அதாவது மாறி மாறி இறங்கும் மூன்று குழுக்கள், வைத்து ஆடும் பெரிய அணியில் சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு 17 நிமிடம்தான், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமமாக யார் பிரிக்கப் போகிறார்கள்? வார்சிட்டியில், அதாவது பள்ளியின் முதல் அணியில், இடமே கிடைக்காமல் இரண்டாம் அணியான ஜேவி-யில் இரண்டு வருடம் போகலாம். 16 பேர் அணியில் அவள் 25 நிமிடம் ஐஸில் இருப்பாள். ஆள் குறைந்தபோதும் அவள்தான், கடைசி நிமிடத்திலும் அவள்தான். பெரிய பள்ளியில் தினமும் நல்ல ஆட்டக்காரிகளோடு பயிற்சி கிடைக்கும், அதை நான் மறுக்கவில்லை. 9-0 என்று ஜெயிக்கும் ஆட்டங்களில் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது, அதுவும் தெரியும். இருந்தாலும் பதினான்கு வயதில் பக் என்கிற அந்த வட்டு குச்சியில் படவேண்டும் தம்பி, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து யாரும் கற்றுக்கொண்டதில்லை.

சரி, நான் சொல்ல வந்தது இது இல்லை.

எங்கள் மகள் டிஃபென்ஸ் ஆடினாள். பெரிய ஆட்டக்காரி ஒன்றும் இல்லை, ஆனால் பின்பக்கமாகச் சறுக்குவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அணியில் கோல் காக்கும் கோலிகளோடு சேர்த்துப் பதினைந்து பேர். அந்தக் கோடையில் அணியின் சிறந்த இரண்டு பெண்கள் நகரத்துப் பள்ளிக்குப் போனார்கள். ஒருத்தியின் குடும்பமே வீட்டை விற்றுவிட்டுப் போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும்.

பையன்கள் அணியில் ஒருவன் போனால் ஜேவி-யிலிருந்து இன்னொருவன் ஏறி வருவான். பெண்கள் அணியில் ஏறி வர ஆள் கிடையாது. பதின்மூன்று பேர் மிஞ்சினார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரை வார்சிட்டிக்கு ஏற்றினார்கள், என் தோளுக்குக்கூட வராத பிள்ளைகள், எதிரே பதினெட்டு வயதுப் பெண்கள். டிசம்பரில் ஒருத்திக்குக் காறை எலும்பு முறிந்தது. அவளுடைய தங்கையை அம்மா ஹாக்கியை விட்டே நிறுத்திவிட்டாள். ஜேவி இல்லாமல் போனது. ஜேவி இல்லாத அணிக்கு எந்த ஆறாம் வகுப்புப் பெண் வருவாள்? அவள் கூடைப்பந்துக்குப் போனாள். அந்தப் பருவத்தில் நாங்கள் 11-0 என்றும் தோற்றோம், 12-1 என்றும் தோற்றோம். அந்த ஒரு கோல் விழுந்தபோது எங்கள் பெண்கள் கோப்பையை வாங்கியதுபோல ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். இப்போதும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அடுத்த வருடம் நாற்பத்தைந்து மைல் தள்ளி இருந்த பள்ளியோடு கோ-ஆப், அதாவது கூட்டு அணி. தினமும் பள்ளி முடிந்து பஸ், பயிற்சி, திரும்ப பஸ், வீடு வர இரவு ஒன்பது, பனி விழுந்தால் பத்து. கணவருக்கு மருத்துவமனையில் இரவுப் பணி, எனக்கு அந்தச் சாலையில் கார் ஓட்டப் பயம். ஜனவரியில் மகள் நிறுத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் எங்கள் கோலி, பக்கத்துத் தெருப் பெண், வீட்டு வாசலில் வந்து நின்று, "அவள் இல்லாவிட்டால் எங்கள் ஊரிலிருந்து நான் மட்டும்தான் பஸ்ஸில்" என்றாள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு டப்பாவில் முறுக்கு போட்டுக் கொடுத்தேன்.

மின்னசோட்டாவில் பெண்களுக்குப் பள்ளி ஹாக்கியின் முதல் மாநிலப் போட்டி நடந்ததே 1995-ல்தான். 2002-ல் இரண்டு பிரிவாக்கியதால் சின்ன ஊர்ப் பெண்களும் தங்களைப்போன்ற ஊர்களோடு ஆடி செயின்ட் பால் வரை போக முடிந்தது. பள்ளியில் பெண்கள் அணியே இல்லாத காலத்துப் பெண்கள் பையன்கள் அணியில் கெஞ்சி இடம் வாங்கி ஆடியவர்கள். இவ்வளவு சமீபத்தில் கிடைத்த ஒன்றை, 'வெறும் 16 பேர்' என்று எழுதியிருக்கிறீர்களே. அந்த 'வெறும்' எனக்கு வலித்தது. அந்தப் பதினாறில் ஒன்று உங்கள் மகள். அவள் போனால் மற்ற பதினைந்து பேர் எங்கே ஆடுவார்கள் என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவள் என்ன பொசிஷன் ஆடுகிறாள் என்றுகூட எழுதவில்லை நீங்கள்!

இதற்காக உங்கள் பிள்ளையை ஊருக்காகத் தியாகம் செய்யச் சொல்லவில்லை. அவள் கோலியாக இருந்து, அந்தப் பெரிய பள்ளியில் ஏற்கெனவே பதினோராம் வகுப்பு கோலி இருந்தால், அங்கே அனுப்புவது முட்டாள்தனம். அவளே போயே ஆக வேண்டும் என்றால் போகட்டும், ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய பிறகு மாறினால், குடும்பமும் வீடு மாறாவிட்டால், பொதுவாக ஒரு வருடம் வார்சிட்டி ஆட முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. இந்த பிப்ரவரியில் உங்கள் ஊர்ப் பெண்களின் பயிற்சிக்கு நீங்கள் மட்டும் போய் உட்காருங்கள். எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பு, எத்தனை பேர் ஏழாம் வகுப்பு, அடுத்த வருடம் பெஞ்சில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள். அவள் பொசிஷனையும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா