அப்பாவின் தட்டைப் பிரித்து வைக்க வேண்டாம்

ஐசியூவில் இருந்து கிளிநொச்சி வீட்டுக்கு வந்த அப்பாவின் மலப் பரிசோதனையில் மெரோபெனம் என்ற வலுவான அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற கிருமி இருக்கிறதாம், பேரப்பிள்ளைகளைக் கிட்ட விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக விடுங்கள். காய்ச்சல் இல்லை, சலம் போகும்போது எரிவில்லை என்றால் அது நோயில்லை. கிருமி குடலில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். அதை விரட்டவென்று பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது நல்ல கிருமிகளைக் கொன்று இதற்குத்தான் இடம் விடும். பலருக்குச் சில மாதங்களில் தானாகக் குறையும், சிலருக்கு ஒரு வருடமும் தாண்டும்.

என் அம்மா இப்படி வந்தபோது தட்டு, பாய் எல்லாம் பிரித்து வைத்தோம். மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவேயில்லை. இன்றும் அது மனதுக்குள் கிடக்கிறது. பயப்பட வேண்டியது தட்டுக்கு இல்லை, மலம் பட்ட கைக்கு. கிணற்றடியில் ஒரு சிரட்டையில் சவர்க்காரம் வையுங்கள். பம்பஸ் மாற்றியவர் அடுப்படிக்குப் போகுமுன் விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவட்டும்.

அப்புறம், அந்த ரிப்போட்டைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்காமல் கொண்டு போங்கள். வவுனியாவோ யாழ்ப்பாணமோ, எங்கே அட்மிட் பண்ணினாலும் முதலில் அதைக் காட்டுங்கள். சரியான மருந்தை வேளைக்கே தொடங்கலாம், பக்கத்துக் கட்டில்காரருக்கும் பாதுகாப்பு.