ஓப்பன் சோர்ஸ் தரவுத்தள சர்வரில் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ஒரு குழு ஓப்பன் சோர்ஸ் தரவுத்தள சர்வர் ஒன்றைப் பராமரிக்கிறது. எந்தப் பதிப்பு எங்கே ஓடுகிறது, எந்த வசதியை யாரும் தொடுவதே இல்லை என்பது தெரியவில்லை. சர்வரே தகவல் அனுப்பும்படி செய்யலாமா, பயனர்களின் நம்பிக்கை போகாமல் அதை எப்படிச் செய்வது?

செய்யலாம். ஆனால் எண்ணுவதையும் அனுப்புவதையும் முதலிலேயே இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துவிடுங்கள். எண்ணுவது சர்வருக்குள் எப்போதும் நடக்கலாம். அனுப்புவது, நிர்வாகி தன் கையால் இயக்கினால் மட்டும். என்ன போகப்போகிறதோ அதை அவர் ஒரு செலக்ட் அடித்து எழுத்துக்கு எழுத்து பார்க்க முடிய வேண்டும். அப்படிக் காட்டத் தயங்க வைக்கும் விவரம் எதுவும் அறிக்கையில் இருக்கக் கூடாது.

இதற்கு நல்ல முன்மாதிரி மரியாடிபி தரவுத்தளத்தின் ஃபீட்பேக் பிளகின். இயல்பில் அணைந்தே இருக்கும். கட்டமைப்புக் கோப்பில் இயக்கினால், சர்வர் எழுந்து சில நிமிடம் கழித்து ஓர் அறிக்கை போகும், அப்புறம் வாரம் ஒன்று. என்ன போகிறது என்பது, சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் ஃபீட்பேக் என்ற பெயரிலேயே அட்டவணையாக இருக்கும். டைம்ஸ்கேல்டிபி இயல்பிலேயே அனுப்பும் வகை. ஆனாலும் முழு அறிக்கையையும் ஜேசன் என்ற உரை வடிவத்தில் காட்டும் ஃபங்ஷன் அதில் உண்டு, ஒரே அமைப்பில் நிறுத்தவும் முடியும். மோங்கோடிபியின் கண்டறிதல் தரவு நொடிக்கு ஒருமுறை சேகரிக்கப்பட்டு டேட்டா டைரக்டரியிலேயே தங்கும். அதன் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, தானாக எங்கும் போகாது. போஸ்ட்கிரெஸின் மூல சர்வரில் அனுப்பும் வசதியே கிடையாது.

தரவுத்தளத்துக்கு வெளியே ஒன்றையும் பாருங்கள். கோ நிரல் மொழியின் டூல்செயினுக்கு (கம்பைலர் முதலிய கருவிகளுக்கு) 2023 பிப்ரவரியில், அப்போது அந்த மொழிக் குழுவை வழிநடத்திய ரஸ் காக்ஸ் முன்வைத்த திட்டம் இயல்பிலேயே அனுப்புவதாக இருந்தது. எதிர்ப்பு வந்ததும் 'விரும்பினால் மட்டும்' என்று மாற்றினார். 2024 ஆகஸ்டில் வந்த 1.23 பதிப்பில் எண்ணிக்கைகள் உள்ளூர்க் கோப்பில் சேர்கின்றன, அனுப்ப வேண்டுமானால் பயனர் தனியாக இயக்க வேண்டும். உங்களுக்கும் இந்த வடிவத்தையே சொல்வேன்.

குறியீட்டைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில், எந்த முடிவை எடுக்க எந்த எண் தேவை என்று எழுதுங்கள். "பழைய ஸ்டோரேஜ் இன்ஜினை (தரவை வட்டில் எழுதிப் படிக்கும் பகுதியை) அடுத்த பெரிய பதிப்பில் நீக்கலாமா?" என்றால், அந்த இன்ஜினில் அட்டவணை உண்டா இல்லையா என்ற ஒரு பிட் போதும். எத்தனை அட்டவணை என்பதுகூட வேண்டாம். எந்த முடிவோடும் சேராத புலத்தை அடித்துவிடுங்கள். அளவு தேவைப்படும் இடத்தில் துல்லிய எண்ணை அனுப்பாதீர்கள். 48,31,207 வரிகள் என்பது ஒரு நிறுவனத்தின் கைரேகை. 10 லட்சத்துக்கும் 1 கோடிக்கும் இடையில் என்பது யாரையும் காட்டிக்கொடுக்காது.

எண்ணும் இடத்தில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். முதலாவது, எல்லா த்ரெட்டுகளும் பகிரும் ஒரே குளோபல் அட்டாமிக் கவுன்ட்டர். பிராசஸரின் 64 கோரும் அதையே கூட்டிக்கொண்டிருந்தால், அது இருக்கும் கேஷ் லைன் (பிராசஸர் ஒரே மூச்சில் எடுக்கும் நினைவகத் துண்டு) கோருக்குக் கோர் தாவிக்கொண்டே இருக்கும், சின்ன குவெரிகளின் வேகம் கண்ணெதிரே குறையும். த்ரெட்டுக்கு ஒரு கவுன்ட்டர், ஒவ்வொன்றும் தனி 64 பைட் எல்லையில், அறிக்கை எடுக்கும்போது மட்டும் கூட்டல் என்று வையுங்கள். இரண்டாவது, எங்கே எண்ணுகிறோம் என்பதில் குழப்பம். கட்டளையின் உரையைப் படித்துப் பிரிக்கும் பார்ஸரில் எண்ணினால், ஒருமுறை ப்ரிப்பேர் செய்து 10 லட்சம் முறை ஓட்டிய கட்டளை 1 என்றுதான் பதிவாகும். கட்டளையை ஓட்டும் எக்ஸிக்யூட்டரில் எண்ணினால் 10 லட்சம். 'இந்த வசதியை யாராவது பயன்படுத்துகிறார்களா' என்று கேட்பவருக்குப் பார்ஸரில் எண்ணுவதே போதும், செலவும் குறைவு. இரண்டையும் ஒரே அறிக்கையில் கலக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனாக எழுதினால் ஷேர்டு மெமரி எடுக்க, சர்வர் எழும்போதே ஏற்றும் லைப்ரரிகளின் பட்டியலில் அதைப் பொதுவாகச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு ரீஸ்டார்ட் தேவை என்பதை நிறுவும் குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

எதை அனுப்பவே கூடாது? குவெரியின் உரை, அட்டவணை மற்றும் நெடுவரிசைப் பெயர்கள், ஹோஸ்ட்நேம், பிழைச்செய்தி. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மின்னஞ்சல் நெடுவரிசையில் தனித்துவக் கட்டுப்பாடு இருந்து அதே முகவரி இரண்டாம் முறை நுழைந்தால், போஸ்ட்கிரெஸ் தரும் பிழையின் விவர வரியில் அந்த முகவரி முழுதாக நிற்கும். மைஎஸ்கியூஎல்லில் செய்தியின் முதல் வரியிலேயே நிற்கும். 'பிழைகளைத்தானே அனுப்புகிறோம்' என்று நினைத்தவர் வாடிக்கையாளர்களின் முகவரிகளை அனுப்பியிருப்பார். இந்தப் பிழைக்கு 23505 என்பது போன்ற 5 எழுத்துப் பிழைக் குறியீட்டை மட்டும் எண்ணுங்கள். மாறிலிகளை நீக்கிய குவெரி உரை பாதுகாப்பானது என்பதும் தவறு. அட்டவணைப் பெயர்கள் அதில் அப்படியே இருக்கும். பயனர் உருவாக்கும் கட்டளையில் எழுதிய கடவுச்சொல்லும் சில சமயம் நீங்காமல் தங்கிவிடும். பிளகின் பெயர்களுக்கு அனுமதிப் பட்டியல் வையுங்கள். பட்டியலில் இல்லாதவை எல்லாம் 'மற்றவை' என்ற ஒரே எண்ணிக்கையில் சேரட்டும். நிறுவனங்கள் உள்ளுக்குள் எழுதும் பிளகினின் பெயரிலேயே நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

அடையாள எண்ணுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை ஹாஷ் செய்து (திரும்பப் பிரிக்க முடியாதபடி கலைத்து) அனுப்பினால் அநாமதேயம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மேக் முகவரி 48 பிட். அதில் முதல் 24 பிட் தயாரிப்பாளரைக் குறிப்பது, அந்தப் பட்டியல் வெளிப்படையானது. மிச்சம் 24 பிட் என்றால் ஒரு தயாரிப்பாளர் முன்னொட்டுக்கு 1,67,77,216 வாய்ப்புகள்தான். ஹாஷ் முறை ஷா-1 ஆக இருந்தாலும் ஷா-256 ஆக இருந்தாலும் சாதாரண கணினி நொடிகளில் முழுவதையும் முயன்று பார்த்துவிடும். எண்ணிக்கையும் சரியாக வராது. நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் இயல்பு நெட்வொர்க் நெடுங்காலம் கன்டெய்னரின் மேக் முகவரியை அதன் ஐபியிலிருந்தே உருவாக்கியது. 172.17.0.2 என்ற ஐபியில் எழுந்த முதல் கன்டெய்னருக்கு உலகில் எந்த இயந்திரத்திலும் அதே மேக்தான் இருந்தது. மேக்கோடு போர்ட் எண்ணைச் சேர்த்து ஹாஷ் செய்தாலும், போர்ட்டும் இயல்பானது என்றால் அத்தகைய ஆயிரம் நிறுவல்கள் உங்கள் கணக்கில் ஒன்றாகத் தெரியும்.

தற்செயல் யூயூஐடி (128 பிட் அடையாள எண்) ஒன்றை உருவாக்கி டேட்டா டைரக்டரியில் வைப்பது இதைவிட நல்லது. ஆனால் அதற்கும் இரு பக்கச் சாய்வு உண்டு. வால்யூம் (நிலையான சேமிப்பிடம்) இல்லாமல் ஓடும் கன்டெய்னர் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணோடு எழும். தானியங்கிச் சோதனைகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பொய் நிறுவல்களைக் கூட்டிவிடும். மறுபக்கம், பேக்கப்பிலிருந்து மீட்டதும் நகலெடுத்த மெய்நிகர் இயந்திரமும் ஒரே எண்ணைச் சுமக்கும். முதலாவதற்கு எளிய தடுப்பு இருக்கிறது: சர்வர் 24 மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகே முதல் அறிக்கை. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் நிறுவும்போதே உருவாகும் சிஸ்டம் ஐடென்டிஃபையரை எடுத்து அனுப்பாதீர்கள். ரெப்ளிகாக்கள் (நகல் சர்வர்கள்) எல்லாம் அதையே பகிர்கின்றன, தவிர அது பேக்கப் கருவிகளின் லாகுகளிலும் வரும் என்பதால் இணைத்துப் பார்க்க வழி திறக்கும். யூயூஐடியை அப்படியே அனுப்பாமல் அதோடு அந்த மாதத்தைச் சேர்த்து ஹாஷ் செய்து அனுப்பினால், மாதத்துக்குள் இரட்டை எண்ணிக்கை வராது, மாதங்களைக் கோத்து ஒரு நிறுவலின் வரலாற்றை யாரும் வரையவும் முடியாது. 122 பிட் தற்செயல் என்பதால் இந்த ஹாஷை முயன்று உடைக்க வழியில்லை.

அனுப்பும் வேலையைத் தரவுத்தளப் பிராசஸுக்குள் வைக்காதீர்கள். சர்வர் ஒரு ஜேசன் கோப்பை எழுதட்டும், தனிப் பயனராக ஓடும் சிறு ஏஜென்ட் அதை எடுத்து அனுப்பட்டும். தரவுத்தள நிறுவனமான பெர்கோனா இப்படித்தான் பிரித்திருக்கிறது. தரவுத்தளத்தோடு எச்டிடிபி, டிஎல்எஸ் லைப்ரரிகளை இணைத்தால் அவற்றின் ஓட்டைகளும் உங்கள் ஓட்டைகள் ஆகின்றன. மேலும், வெளியே எந்த இணைப்பும் திறக்காத தரவுத்தளம் திடீரென்று ஒன்றைத் திறந்தால், லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸ் மறுத்து ஆடிட் லாகில் எழுதலாம். ஊடுருவல் என்று நினைத்து ஒரு நிர்வாகி நள்ளிரவில் எழுந்து உட்காருவார்.

உள்ளேயேதான் வைத்தாக வேண்டும் என்றால் காத்திருப்புகளைக் கவனியுங்கள். பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் லினக்ஸ் ரிசால்வர் இயல்பில் ஒரு நேம்சர்வருக்கு 5 நொடி, 2 முயற்சி என்று காத்திருக்கும். 3 நேம்சர்வர் எழுதியிருந்தால் சுமார் 30 நொடி. அதற்கப்பால் ஃபயர்வால் பதிலே சொல்லாமல் பாக்கெட்டை விழுங்கினால், டிசிபி இணைப்பு முயற்சி கைவிடப்பட 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். இது ஷட்டவுன் பாதையில் நடந்தால் சேவைகளை ஏற்றி இறக்கும் சிஸ்டம்டி காத்துக் காத்துப் பார்த்து சர்வரைக் கொன்றுவிடலாம், அப்படியானால் அடுத்த எழுச்சி கிராஷ் மீட்பிலிருந்துதான் தொடங்கும். ஆகவே ஷட்டவுனில் எதையும் அனுப்பாதீர்கள். இணைப்புக்கு 5 நொடி, மொத்தம் 10 நொடி என்று வரம்பு வையுங்கள். தோற்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். அனுப்பும் நேரத்தில் பல மணி நேரத் தற்செயல் தாமதம் இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லா நிறுவல்களும் ஒரே நிமிடத்தில் உங்கள் முகவரியை முட்டும். ப்ராக்ஸி அமைப்பையும் தாருங்கள்.

அணைக்க மூன்று வழி வேண்டும்: கட்டமைப்புக் கோப்பு, சூழல் மாறி, கம்பைல் கொடி. கடைசியானது பேக்கேஜ் பராமரிப்பாளர்களுக்கு. அவர்கள் பேட்ச் எழுதி உங்கள் குறியீட்டை வெட்டுவதைவிட ஒரு கொடியால் நீக்குவது இருவருக்கும் நல்லது.

வாங்கும் பக்கத்தில், ஐபி முகவரியைப் பற்றி யோசியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் கண்ணோட்டத்தில் அது தனிநபர் தரவாக எண்ணப்படக் கூடியது. ஜேசனில் இல்லாவிட்டாலும் வெப் சர்வரின் அணுகல் லாகில் இருக்கும், முன்னால் சிடிஎன் (கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் இடைநிலை சர்வர்களின் வலை) இருந்தால் அங்கேயும் இருக்கும். இரண்டு இடத்திலும் அணையுங்கள். 16 கேபிக்கு மேல் வரும் எதையும் நிராகரியுங்கள். முகவரி பொதுவெளியில் இருப்பதால் பொய் அறிக்கைகளும் வரும் என்று எதிர்பாருங்கள்.

'விரும்பினால் மட்டும் என்றால் யாரும் இயக்க மாட்டார்களே' என்ற கவலை நியாயமானது. ஆனால் சதவீதம் அறிய எல்லோரும் தேவையில்லை. பாரபட்சமற்ற 1,000 மாதிரிகள் இருந்தால் பிழை சுமார் 3 சதவீதம், 10,000 இருந்தால் 1 சதவீதம். மொத்தம் எத்தனை லட்சம் என்பது இதில் பொருட்டே அல்ல. சிக்கல் 'பாரபட்சமற்ற' என்ற சொல்லில் இருக்கிறது. வங்கி, மருத்துவமனை போன்ற மூடிய நெட்வொர்க்குகள் ஒருபோதும் அனுப்பாது, பழைய பதிப்புகளில் அதிகம் நிற்பவை அவையே. எனவே ஒரு வசதிக்கு எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தாலும் அதை உடனே நீக்காதீர்கள். ஒரு பதிப்பில் எச்சரிக்கை காட்டி, அடுத்த பெரிய பதிப்பு வரை காத்திருங்கள்.

வெளியீட்டுக்கு முன் ஒரு சோதனையை விடாமல் செய்யுங்கள். ஃபயர்வாலில் வெளிச்செல்லும் பாக்கெட்டுகளை மறுக்கும்படி ஒருமுறை, சத்தமில்லாமல் விழுங்கும்படி ஒருமுறை வைத்து சர்வரை ஏற்றி இறக்குங்கள். முதலாவதில் எல்லாம் சரியாக இருக்கும், இரண்டாவதில்தான் தொங்கும். அணைத்த நிலையில், பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு, டிஎன்எஸ் கேள்விகூடப் போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். இணைப்பை நிறுத்திவிட்டுப் பெயரை மட்டும் தேடும் பிழை எளிதில் நுழைந்துவிடும். இந்த வசதியைச் சிறு திருத்தப் பதிப்பில் சேர்க்காமல் பெரிய பதிப்பில் சேருங்கள், வெளியீட்டுக் குறிப்பின் முதல் பத்தியிலேயே மாதிரி அறிக்கை ஒன்றை முழுதாக ஒட்டிவிடுங்கள்.