வாசகர் கேள்வி பதில்: லாங்தோக் ஒயினும் மலைக்கொடிகளும்

கேள்வி: போர்தோ, பர்கண்டி ஒயின்களைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் லாங்தோக் ஒயினை மட்டும் ஏன் மலிவுச் சரக்கு என்கிறார்கள்? உண்மையிலேயே தரம் குறைவா?

பதில்: ஒரு காலத்தில் குறைவாகத்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்ததும் பாரிசுக்கும் வடக்கின் தொழிற்சாலை நகரங்களுக்கும் சரக்கு அனுப்புவது சுலபமாகிவிட்டது, அங்கே தொழிலாளிகள் தினமும் குடிக்க விலை குறைந்த சிவப்பு ஒயின் வேண்டியிருந்தது, இங்கே சமவெளி முழுக்க அராமோன் என்ற ரகத்தை நட்டுத் தள்ளினார்கள். அராமோன் மூட்டை மூட்டையாகக் காய்க்கும், ஆனால் ஒயின் வெளிறி நீர்த்துப்போய் இருக்கும், அதனால் அல்ஜீரியாவிலிருந்து வந்த அடர்த்தியான ஒயினைக் கலந்து நிறம் ஏற்றினார்கள். இடையில் ஃபிலாக்செரா பூச்சி வேர்களைத் தின்று தோட்டங்களை அழித்தது. 1868-ல் இந்தப் பகுதியின் மோன்பெலியே நகரத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் பிளான்ஷோனும் அவருடன் போனவர்களும்தான் செத்துக்கொண்டிருந்த கொடிகளின் வேரில் அந்தப் பூச்சியைக் கண்டார்கள். கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஊர்க் கொடியை ஒட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். அப்படித் திரும்ப நட்டபோது பலர் மலைச்சரிவுகளைக் கைவிட்டுச் சமவெளிக்கு இறங்கிவிட்டார்கள். பூச்சி செய்ததைவிட அதுதான் பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் இந்தப் பகுதியின் நல்ல ஒயின் மேட்டு நிலத்தில்தான் விளைகிறது. ஃபோஜேரில் தகடு தகடாக உடையும் சிஸ்ட் பாறை, கோர்பியேரில் சுண்ணாம்புக்கல், சுற்றிலும் ரோஸ்மேரியும் தைமும் மணக்கும் புதர்க்காடு. வடமேற்கிலிருந்து த்ரமோந்தான் என்ற வறண்ட காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் இலையில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை, மருந்து அதிகம் தெளிக்காமலே விவசாயம் செய்ய முடிகிறது. 1970-களில் எமே கிபேர் என்பவர் அனியான் ஊருக்குப் பக்கத்தில் நிலம் வாங்க, போர்தோவிலிருந்து வந்த ஆன்ரி அஞ்சல்பேர் என்ற புவியியல் பேராசிரியர் அந்த மண்ணைப் பார்த்து இங்கே உயர்ந்த ஒயின் எடுக்கலாம் என்றார். கிபேரின் மாஸ் தெ தோமா காசாக் தோட்டத்தின் முதல் சிவப்பு ஒயின் 1978 அறுவடை. பாட்டில் முத்திரையில் அது வெறும் 'நாட்டு ஒயின்' என்ற எளிய வகைதான், ஆனால் விலையும் பெயரும் பெரிய ஒயின் தோட்டங்களோடு போட்டி போட்டன. அதற்குப் பிறகு மலிவுச் சரக்கு என்ற பேச்சை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஒயினுக்காக ராணுவமே கலகம் செய்தது என்று படித்தேன். நம்பும்படி இல்லையே?

பதில்: நம்பலாம், நடந்தது 1907-ல். ஒயின் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் போலி ஒயின் தயாரித்து விற்பவர்கள்தான் காரணம் என்று விவசாயிகள் கொதித்தார்கள். அளவுக்கு மீறிய விளைச்சலும் ஒரு காரணம்தான், ஆனால் பசியில் இருப்பவனிடம் அதை யார் பேசுவது? அர்ஜெலியே கிராமத்தில் காப்பிக்கடை வைத்திருந்த மார்செலின் அல்பேர் என்ற சிறு விவசாயி மார்ச் மாதம் 87 பேரோடு நார்போனுக்கு நடந்தார். அப்புறம் ஞாயிறுதோறும் ஒவ்வொரு ஊரில் கூட்டம், ஜூன் 9-ல் மோன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டதாகக் கணக்கு. பிரதமர் கிளெமென்சோ படையை அனுப்பினார். நார்போன் மேயர் ஃபெரூலைக் கைது செய்தார்கள், ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இதைக் கேட்டதும் 17-ஆம் காலாட்படையின் சில நூறு வீரர்கள் கீழ்ப்படிய மறுத்து ஆயுதங்களோடு பெஸியே நகரத்துக்கு நடந்தே வந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள், சொந்த ஊர்க்காரர்களைச் சுடச் சொன்னால் எப்படிச் சுடுவார்கள்? பிறகு அவர்களைத் துனிசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அல்பேரின் முடிவுதான் எனக்கு ஆறவே இல்லை. பாரிசுக்குப் போய் கிளெமென்சோவைச் சந்தித்தார், திரும்ப ரயிலுக்கு அவர் கொடுத்த நூறு பிராங்க் நோட்டை வாங்கிக்கொண்டார், அந்தச் செய்தியைப் பரப்பி அவரை விலைபோனவர் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ஜூன் மாதமே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. புதுத் திராட்சையையோ அதன் சாற்றையோ புளிக்கவைத்து எடுத்தது மட்டுமே ஒயின் என்ற விதியும் அதே ஆண்டில் உறுதியானது. கூட்டுறவு ஒயின் கிடங்குகள் ஊர் ஊராகப் பரவியதும் இதற்குப் பிறகுதான்.

கேள்வி: நுரைக்கும் ஒயின் ஷாம்பேனில்தானே பிறந்தது?

பதில்: லாங்தோக்கில் உள்ள லிமூ ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள சாந்த் இலேர் மடத்துத் துறவிகள் 1531-லேயே நுரை ஒயின் செய்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஷாம்பேனோடு சேர்த்துச் சொல்லப்படும் துறவி தோம் பெரிஞோன் பிறந்ததே 1638-ல். இன்றும் பிளாங்கெத் தெ லிமூ என்ற அந்த ஊர் நுரை ஒயின் பெரும்பாலும் மோசாக் ரகத் திராட்சையில்தான் வருகிறது.

கேள்வி: பன்யுல்ஸ், மோரி ஒயின்கள் பாயசம்போல் இனிக்கின்றன. சர்க்கரை போடுகிறார்களா?

பதில்: இல்லை, அது பழத்தின் சொந்தச் சர்க்கரை. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே ஏறக்குறைய தூய ஆல்கஹாலைக் கொஞ்சம் ஊற்றுவார்கள், ஈஸ்ட் அடங்கிவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். 13-ஆம் நூற்றாண்டில் மோன்பெலியேயில் மருத்துவம் கற்பித்த அர்னோ தெ வில்னேவ் கண்ட முறை என்று சொல்வார்கள். இரண்டு ஊர்களும் ரூசியோனில், ஸ்பெயின் எல்லைப் பக்கம் இருக்கின்றன, ரகம் பெரும்பாலும் கிரெனாஷ். மோரியில் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பி வெயிலிலும் குளிரிலும் வெட்டவெளியில் விடுவதும் உண்டு.

கேள்வி: அரசே பணம் கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொல்கிறதாமே? இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை ஏன் அழிக்க வேண்டும்?

பதில்: பிரான்சிலேயே சிவப்பு ஒயின் குடிப்பது பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. விற்காத ஒயினை எத்தனை வருஷம் தொட்டியில் வைத்திருப்பது? அதனால் ஒரு ஹெக்டேருக்கு 4,000 யூரோ என்று உதவித்தொகை அறிவித்தார்கள். வயதான விவசாயிக்கு, பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்ட நிலையில், வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனால் பிடுங்கும் இயந்திரத்துக்குச் சமவெளியின் இளங்கொடியும் சரிவில் நிற்கும் எண்பது வயதுக் கரினியான் ரகக் கொடியும் ஒன்றுதான். கிழக்கொடிகள் கொஞ்சமாகத்தான் காய்க்கும், கணக்குப் புத்தகத்தில் அவைதான் முதலில் நஷ்டமாகத் தெரியும், அதனால் முதலில் போவதும் அவைதான். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வெயில் வேறு. 2019 ஜூன் 28-ல் வெரார்க் ஊரில் 46 டிகிரி பதிவானது, அன்று மோன்பெலியேயைச் சுற்றிய தோட்டங்களில் இலையும் காயும் கருகின. 2025 ஆகஸ்டில் கோர்பியேரில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. நன்றாக உழுது வைத்த திராட்சைத் தோட்டம் காட்டுத்தீக்கு ஒரு தடுப்பு, அதைப் பிடுங்கி நிலத்தைச் சும்மா போட்டால் புதர் மண்டி தீ ஊருக்குள் வர வழி கிடைக்கும். உதவித்தொகையைக் கணக்குப் போட்டவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: சரி, முதல்முறை வாங்குபவர் முத்திரையில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: 'பெய் தோக்' என்று இருந்தால் சிரா, ஷார்தொனே என ஒரே ரகத்தின் பெயர் பெரும்பாலும் முன்னாலேயே இருக்கும், தொடங்க அது வசதி. ஊர்ப் பெயரோடு வருகிற மினர்வுவா, சாந்த் சீனியான் சிவப்புகள் இரண்டு மூன்று ரகங்களின் கலவை, அந்த மண்ணின் குணம் அவற்றில்தான் தெரியும். மீன், சிப்பி சாப்பிடுபவர்களுக்குத் தோ ஏரிக்கரையின் பிக்புல் தெ பினே என்ற வெள்ளை ஒயின், நன்றாகக் குளிர வைத்து. 'பழைய கொடி' என்று முத்திரையில் போடுவதற்குச் சட்டத்தில் வயது வரம்பு எதுவும் கிடையாது, அந்த வார்த்தையை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். தோட்டத்தில் நேரில் வாங்கினால் கொடி நட்ட ஆண்டு எது என்று கேளுங்கள், அக்கறையோடு செய்பவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார்.