பார்வோ வந்த வீட்டுக்கு அடுத்த குட்டி எப்போது?

கேள்வி: புரோக்கர் ஒருவர் மூலம் 38 நாள் லேப்ரடார் குட்டி வாங்கினோம். விலை 9,000 ரூபாய். முதல் தடுப்பூசி போட்டாச்சு என்று கார்டும் கொடுத்தார். வந்த நான்காம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி, அப்புறம் ரத்தமாகப் பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய் என்று சொல்லி மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் வேறு குட்டி இலவசமாகத் தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். பிள்ளைகள் அழுதுகொண்டே இருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா? வீடு முழுக்க டெட்டால் போட்டுக் கழுவிவிட்டோம். ஐந்து வயது நாட்டு நாய் ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது ஒட்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தக் குட்டியைக் கண்டிப்பாக வாங்காதீர்கள். பிள்ளைகளைப் பற்றிய பயம் வேண்டாம்; நாயின் பார்வோ மனிதர்களுக்கு வராது.

உங்கள் குட்டி நோயை உங்கள் வீட்டில் பிடித்துக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். வைரஸ் உடலுக்குள் போன பிறகு நோய் வெளியே தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். இதற்கு முன் உங்கள் வீட்டில் பார்வோ வந்ததில்லை. நான்காம் நாளே படுத்துவிட்டது என்றால், கிளம்பிய இடத்திலேயோ வந்த வழியிலேயோ வாங்கிக்கொண்டு வந்திருக்கும். இப்போது அவர் இலவசமாகத் தரும் குட்டியும் அதே இடத்திலிருந்துதான் வரப்போகிறது. வந்து இறங்குவதும் வைரஸ் நிறைந்த வீட்டில். இந்த 'மாற்றுக் குட்டி' ஏற்பாட்டால் அதே பிள்ளைகள் ஒரே மாதத்தில் இரண்டாவது முறை அழுவதை எங்கள் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறோம். அப்பா, என் மனைவி, நான் மூவரும் சேர்ந்து நடத்தும் சின்னக் கிளினிக் இது. இங்கே வரும் பார்வோ குட்டிகளில் பெரும்பாலானவை புரோக்கர் கை மாறி வந்தவைதான்.

டெட்டால் போட்டுக் கழுவியதால் வீட்டில் வாசம் வந்திருக்கும், வைரஸ் போயிருக்காது. பார்வோ வைரஸ் மிகவும் முரட்டு ஜாதி. டெட்டால், பினாயில், ஸ்பிரிட், சானிடைசர் எதையும் நம்ப முடியாது. குளோரின் உள்ள திரவ ப்ளீச் வாங்குங்கள். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர். முதலில் பேதி, வாந்திக் கறை எதுவும் ஒட்டியிருக்காதபடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு ப்ளீச் தண்ணீரை விட்டுப் பத்து நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து கழுவுங்கள். கழிவறை கழுவும் ஆசிடோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். குட்டி படுத்த துணி, மெத்தை, பிளாஸ்டிக் தட்டு, கயிறு எதையும் அடுத்த குட்டிக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

தரையைக் கழுவலாம், தோட்டத்து மண்ணைக் கழுவ முடியாது. நிழலான ஈர மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூட இருக்கும். அதனால், குட்டி பேதி போன வாசலோ கொல்லையோ இருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியை ஆறு மாதத்துக்கு அந்த வீட்டுப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். ஒரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வளர்ந்த நாயாக இருந்தால் இவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் இதைச் சொன்னதும் பலர் மூன்று மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "இது பெரிசுதானே டாக்டர்" என்பார்கள். இல்லை. நான் சொல்வது ஆறு மாதம் தாண்டிய நாய். குட்டிப் பருவத்து ஊசிகளில் கடைசி ஊசி, நாய்க்கு 16 வாரம் ஆன பிறகு போடப்பட்டிருக்க வேண்டும். 12 வாரத்தோடு நிறுத்தியிருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பிறகு பூஸ்டரும் போட்டிருக்க வேண்டும். கடைசியாகப் போட்ட ஊசிக்கும் உங்கள் வீட்டுக்கு வரும் நாளுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். ஊசி போட்ட மருத்துவரிடம் நீங்களே போனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். தெருவில் எடுத்த நாய், எந்த வரலாறும் தெரியாது என்றால், அது வேறு வீட்டில் இருக்கும்போதே ஊசி போட்டு, நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட்டு, அதற்கு இரண்டு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள். இந்த வயதில் ஒரு ஊசியே போதும் என்று சொல்கிற மருத்துவர்களும் உண்டு. பார்வோ வந்த வீட்டுக்குப் போகும் நாய்க்கு நான் இரண்டாகத்தான் போடுவேன். இவை எல்லாம் சரியாக இருந்தால், வீட்டை ப்ளீச்சில் கழுவி முடித்ததும் தாராளமாகக் கூட்டி வரலாம். பிள்ளைகளுக்கு நாய்தான் வேண்டும் என்றால் நான் காட்டுகிற வழி இதுதான். நம் ஊர் நாய்களே நல்ல வீடு கிடைக்காமல் தெருவில் காத்திருக்கின்றன.

சரி, ஊசி போட்டும் ஏன் வந்தது? அந்தக் கார்டை எடுத்துப் பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா? அதில் மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறுமனே பேனாவால் தேதி எழுதி ஒரு கிறுக்கல் போட்டிருந்தால், ஊசியே போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கார்டு புத்தகம் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

ஒருவேளை உண்மையிலேயே போட்டிருந்தாலும் பலன் குறைவு. 38 நாளுக்குள் போட்ட ஊசி பெரும்பாலும் வீண்தான். தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி அப்போது குட்டியின் ரத்தத்தில் இன்னும் இருக்கும். ஊசியில் உள்ள வைரஸையும் அது எதிரி என்று அழித்துவிடும். அந்தச் சக்தி எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் தாண்டும் வரை போடுகிறோம். "ஒரே ஊசி, ஒன்பது நோய்க்கு, அதோடு முடிந்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்துக் கடையில் தடுப்பூசியை வாங்கிக் கைப்பையில் எடுத்துக்கொண்டு வெயிலில் வருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. சூடு பட்டால் போட்டும் போடாதது போலத்தான்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. எட்டு வாரம், அதாவது 56 நாள், ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது. நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் வாட்ஸ்அப் குழுக்களில் 30 நாள் குட்டிகள் பகிரங்கமாக விலை போகின்றன. பஸ்ஸில் கூடையில் வைத்து அனுப்புகிறார்கள். யார் போய்ப் பிடித்தார்கள்? புகார் கொடுக்கப் போனால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. பல ஊர்களில் ராத்திரி ஒரு குட்டியைப் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றுவதற்கு இடம்கூடக் கிடையாது. பார்வோவுக்கு வைரஸைக் கொல்லும் மருந்தை நம் கையில் யாரும் கொடுக்கவில்லை. டிரிப்ஸ், வாந்தி நிறுத்தும் ஊசி, ஆன்டிபயாடிக் என்று தாங்கிப் பிடித்து, குடல் தேறும் வரை உயிரைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. சீக்கிரம் வந்தால் நிறையக் குட்டிகள் பிழைக்கும். 38 நாள் குட்டிக்கு அந்தத் தாங்கும் சக்தியே குறைவு. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள் அம்மா, உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

புரோக்கரிடம் குட்டிக்குப் பதில் பணத்தைக் கேளுங்கள். அவர் அனுப்பிய மெசேஜ், பணம் போட்ட விவரம், அந்தக் கார்டு, சிகிச்சைச் சீட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இவை வேண்டும்.

உங்கள் நாட்டு நாய்க்குக் கடைசியாக எப்போது பார்வோ ஊசி போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மூன்று வருடம் தாண்டியிருந்தாலோ நினைவில்லை என்றாலோ இந்த வாரமே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். வெறிநோய் ஊசியும் வருடம் தவறாமல் போட்டிருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நாளுக்கு அது சாப்பாட்டை ஒதுக்கினாலோ வாந்தி எடுத்தாலோ, வீட்டில் இருக்கும் பேதி மாத்திரை எதையும் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.